படுக்கையில் கிடக்கும் பெற்றோரும் பிள்ளைகள் அறிய வேண்டிய மஸ்அலாக்களும்

பெற்றோருக்கு உபகாரம் செய்வதன் சிறப்பைப் பற்றி நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஆண்டு முழுவதும் பயான் நடக்கிறது. தன்னை மட்டுமே வணங்கும்படி கட்டளையிட்ட அல்லாஹுத் தஆலா, அதை அடுத்துப் பெற்றோருக்கு நன்மை செய்யும்படி கட்டளையிட்டிருப்பதும், முதுமையை அடைந்த அவர்களிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லும் கூடாது எனத் தடுத்திருப்பதும் (17:23) மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், பெற்ற தாய் கையையும் காலையும் அசைக்க இயலாமல் கட்டிலில் கிடக்கும்போது அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி உளூச் செய்து வைப்பது, அவர் எந்தத் திசையில் எப்படித் தொழுவது என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர்கள் நம்மில் சிலரே.

தொழுகை பர்ளு என்றால் அதன் சட்டங்களைக் கற்பதும் பர்ளு என்று நாம் ஓதியிருக்கிறோம். பெற்றோர் பணிவிடைக்கும் இதே விதிதான். அன்பு இருந்தும் அறிவு இல்லாவிட்டால் அந்தப் பணிவிடையே அவர்களுக்குத் துன்பமாக மாறிவிடும். இதை நன்கு விளங்கிக்கொள்வதற்காக ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதையொட்டிய பணிவிடையையும் மார்க்கச் சட்டங்களையும் இங்கே பார்ப்போம்.

நோயின் தன்மை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நம் நரம்புகளின் மேலும் ஓர் உறை உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் சொந்தச் சக்தியே தவறுதலாக இந்த உறையை அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் மூளையின் கட்டளை தடுமாறுகிறது. அதனால் கண் மங்கும், கால் தளரும், நீர் பிரிவது கட்டுக்குள் நிற்காது, தசைகள் விறைத்துக்கொள்ளும், நாக்குக் குழறும், விழுங்குவதும் கடினமாகும்.

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ என்பவர் 1868இல் இதைத் தனி நோயாக விளக்கினார். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. 2020ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகெங்கும் சுமார் 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒவ்வொன்றாக வந்துள்ளன. ஆயினும் முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

இளம் வயதில் நோய் கண்ட ஒரு தாய், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, அறுபது வயதைக் கடந்து முற்றிய நிலையில் கட்டிலுக்கு வந்திருக்கலாம். இதை 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடக் கூடாது. 'என்ன பாவம் செய்தாரோ' என்று பேசுவது அதைவிடப் பெரிய தவறு. அல்லாஹ்வின் தூதரான அய்யூப் (அலை) அவர்கள் நீண்ட காலம் நோயில் சோதிக்கப்பட்டதை அறிந்த நாம், நோயாளியின் மீது பாவத்தைச் சுமத்துவது எங்ஙனம்?

அன்போடு அறிவும் வேண்டும்

நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் செய்வது வெந்நீரில் குளிப்பாட்டுவது. எம்.எஸ். நோயாளிக்கு அதுவே ஆகாது. உடலின் வெப்பம் சிறிது கூடினாலும் பழுதான நரம்புகள் மேலும் தளர்ந்துபோகின்றன. ஜெர்மனியின் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் இதை 1890இலேயே கண்டு எழுதினார். உடல் குளிர்ந்ததும் இந்தத் தளர்ச்சி நீங்கிவிடும் என்றாலும், அதுவரை நோயாளி படும் பாடு சிறிதன்று. அதற்காகக் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலருக்குத் தசை விறைத்துக்கொள்ளும். ஆகவே வெதுவெதுப்பான நீரே நல்லது. சித்திரை வைகாசி வெயிலில் காற்றோட்டமான அறையும், ஈரத் துணியால் உடலைத் துடைப்பதும் அவர்களுக்கு மருந்துபோல் உதவும்.

அடுத்து, காலைப் பிடித்துவிடுவது. தாயின் காலைப் பிடித்துவிட்டால் நன்மை என்று மகன் அமர்கிறான். ஆனால் இந்நோயில் சிலருக்கு ஒரு துணி பட்டாலும் தோல் தீப்போல் எரியும். விறைத்த காலைப் பலவந்தமாக நீட்டினாலும் தீங்குதான். 'பிடித்துவிடட்டுமா, எங்கே வலிக்கிறது?' என்று கேட்டுவிட்டுத் தொடுவதே முறை.

மூன்றாவது, தண்ணீர். கட்டிலை நனைக்கிறார் என்பதற்காகக் குடிக்கும் நீரைக் குறைத்துவிடுகிறார்கள். இதனால் சிறுநீரில் கிருமி பெருகும், மலம் இறுகும். நீரைக் குறைப்பது மருத்துவர் சொன்னால் மட்டுமே. நீர் பிரிவதற்குக் குழாய் பொருத்தியிருந்தால், அதன் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். காய்ச்சல் கண்டு ஒரே நாளில் பலம் அனைத்தும் போய்விட்டால், நோய் முற்றிவிட்டது என்று கைவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல வேளைகளில் அது சிறுநீர்க் கிருமியின் வேலையாக இருக்கும். மருந்து கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பக் கூடும்.

நான்காவது, உணவு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு நோன்புக் கஞ்சியைப் போன்ற கெட்டியான ஆகாரம் இறங்கிவிடும்; வெறும் தண்ணீர்தான் மூச்சுக்குழாயில் புகுந்து புரையேறும். படுத்த நிலையில் எதையும் புகட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு கரண்டியாகக் கொடுத்து, உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கச் செய்ய வேண்டும். உண்ணும்போது இருமலோ, தொண்டையில் நீர் நிற்பது போன்ற குரலோ கேட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, படுக்கைப் புண். அசைய முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பெலும்பு, முதுகின் அடி, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் புண் தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அதன்மேல் பாரம் விழாதவாறு செய்ய வேண்டும். காற்று மெத்தை உதவும். ஆனால் அது பக்கம் மாற்றும் வேலைக்குப் பதிலாகாது.

இன்னும் ஒன்று. தசை விறைப்புக்குத் தரும் பேக்லோஃபென் போன்ற மாத்திரையை, 'ஓதிப் பார்த்தோம், இனி வேண்டாம்' என்று திடீரென நிறுத்திவிடுவதால் வலிப்புக் கூட வரலாம். துஆச் செய்வதும் ஓதிப் பார்ப்பதும் நல்லவைதாம். மருத்துவம் செய்துகொள்ளும்படி கூறியதும் நாயகம் (ஸல்) அவர்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடக் கூடாது.

அவரிடமே பேசுங்கள்

உடல் கட்டிலில் கிடந்தாலும் இந்நோயாளிகளில் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கிறது. சிலருக்கு நினைவும் சிந்தனையும் மெதுவாகும். விடை சொல்லச் சிறிது நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல், தலைமாட்டில் நின்றுகொண்டே 'உம்மாவுக்கு ஒன்றும் புரியாது' என்று பேசினால் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்! எதை உண்பது, எப்போது குளிப்பது, யாரைப் பார்ப்பது, மகளின் சம்பந்தப் பேச்சில் என்ன கருத்து என்றெல்லாம் முன்போலவே அவரிடம் கேட்க வேண்டும். கேட்கப்படுவது பெற்றோரின் உரிமை.

சிலர் காரணமின்றிச் சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவர்கள் முன் சிரித்துவிடக் கூடும். அதுவும் நரம்பின் கோளாறுதான்; மனத்திலிருந்து வருவதன்று. அதற்காகக் கோபிப்பது அநியாயம். அசதியும் அப்படியே. இந்நோயின் அசதி சோம்பல் அன்று. பலம் இருக்கும் காலை வேளையில் முக்கியமான காரியங்களை முடித்துவிட வேண்டும். 'நான் போய்விட்டால் உங்களுக்கு நிம்மதி' என்ற பேச்சு அடிக்கடி வந்தால் அதை வெறும் புலம்பலாக எண்ணிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வும் இந்நோயின் ஒரு பகுதிதான்.

தூய்மையின் சட்டங்கள்

நோயாளி என்றாலே தயம்மும்தான் என்ற எண்ணம் நம் மக்களிடம் பரவியிருக்கிறது. இது சரியன்று. தண்ணீர் தீங்கு தரும் என்று அனுபவத்தாலோ நம்பத்தக்க மருத்துவரின் சொல்லாலோ தெரிந்தால்தான் அந்தச் சலுகை. வெதுவெதுப்பான நீர் தீங்கு தராத நோயாளிக்குப் பிறர் உளூச் செய்து வைக்கலாம். நிய்யத்து நோயாளியுடையது, கழுவிவிடும் கை மற்றவருடையதாக இருப்பதால் உளூவுக்குக் குறையில்லை. உதவிக்கு ஆளே இல்லாமல் நேரம் தவறிவிடும் என்ற நிலையில் தயம்மும் செய்யலாம். இதற்காகக் கட்டிலருகே ஒரு தட்டில் புழுதியுள்ள சுத்தமான மண்ணை வைத்திருப்பது நல்லது. ஷாபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண்ணே வேண்டும். ஹனபி மத்ஹபில் மண்சுவர், கல் போன்றவற்றிலும் செய்யலாம்.

நீர் கட்டுக்குள் நிற்காதவர், குழாய் பொருத்தியவர் ஆகியோருக்கு இடைவிடாத தொடக்குடையவரின் சட்டம். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி மாற்றி, உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் ஒரு நேரத்துக்கு ஓர் உளூ போதும். அந்த நேரம் முடியும்வரை இந்தக் காரணத்தால் உளூ முறியாது. துணி மாற்றிய உடனே மீண்டும் அசுத்தமாகிவிடும் நிலையிலுள்ளவர், இருக்கும் நிலையிலேயே தொழலாம் என்பதும் ஹனபி நூல்களில் உண்டு. 'உடம்பு சுத்தமில்லை, நான் எப்படித் தொழுவேன்' என்று ஆண்டுக் கணக்கில் தொழுகையை விட்டுவிட்டு உள்ளுக்குள் அழும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது பிள்ளைகள் செய்யும் பெரிய உபகாரமாகும்.

மறைவிடத்தைச் சுத்தம் செய்வதில் கணவன் மனைவிக்கே முதலிடம். அடுத்து, தாய்க்கு மகளோ மற்றொரு பெண்ணோ. தந்தைக்கு மகனோ மற்றோர் ஆணோ. யாருமே இல்லாதபோது மகன் தாய்க்குச் செய்யும் நிலை வந்தால், மேலே போர்வையை விலக்காமல், கையுறையோ துணியோ சுற்றிய கையால், பார்வையைத் தாழ்த்திச் செய்ய வேண்டும். நிர்ப்பந்தம் எந்த அளவோ அந்த அளவுக்கே அனுமதி என்பது ஃபிக்ஹின் விதி. பேத்தி பேரன்கள் நடமாடும் அறையில் கதவைச் சாத்தாமல் துணி மாற்றுவது கூடாது. படுக்கையில் கிடப்பவருக்கும் வெட்கம் உண்டு.

தொழுகையின் சட்டங்கள்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுகையைப் பற்றி அவர்கள் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வருகிறது. இந்த ஒரு ஹதீதின் மீதே இமாம்கள் நோயாளியின் தொழுகைக்குரிய சட்டங்களை விரித்தார்கள்.

ஷாபிஈ மத்ஹபில் வலப்பக்கம் ஒருக்களித்துக் கிப்லாவை நோக்கிப் படுப்பது சிறந்தது. அது இயலாவிட்டால் மல்லாந்து படுத்து, தலையைத் தலையணையால் உயர்த்தி, முகமும் உள்ளங்கால்களும் கிப்லாவின் பக்கம் இருக்கும்படி செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபில் மல்லாந்து படுப்பதே மேல். இங்கே நம் மக்கள் தயங்குகிறார்கள். 'மேற்கே கால் நீட்டலாமா?' என்று அஞ்சிக் கட்டிலைத் திருப்பவே மறுக்கிறார்கள். தொழுகைக்காகச் சட்டமே சொல்லித் தந்த முறையில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் தலையால் சாடை செய்ய வேண்டும். ஸுஜூதின் சாடை சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். தலையும் அசையாவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் கண் இமைகளால் சாடை செய்ய வேண்டும். அதுவும் இயலாவிட்டால் தொழுகையின் செயல்களை உள்ளத்தில் ஓடவிட வேண்டும். அறிவு இருக்கும்வரை தொழுகை நீங்காது. ஹனபி மத்ஹபில் தலையால் சாடை செய்ய இயலாதவர் கண்ணாலோ உள்ளத்தாலோ தொழுவதில்லை. அவருடைய தொழுகை பிற்படுத்தப்படும். அது நீடித்தால் களா உண்டா என்பதில் விவரம் இருப்பதால் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருப்பிவிட ஆளிருந்தும் திருப்பாமல் இருப்பது வீட்டாரின் குறை. ஆளில்லாதபோது இருக்கும் திசையிலேயே தொழுதுவிட வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் அதைப் பின்னர் மீட்டித் தொழ வேண்டும். நாக்குக் குழறுபவர் தம்மால் இயன்ற அளவு ஓதினால் போதும். பாத்திஹா ஓத ஐந்து நிமிடம் ஆனாலும் அவசரப்படுத்தக் கூடாது. பக்கம் மாற்றும் நேரங்களைத் தொழுகை நேரங்களோடு பொருத்திக்கொண்டால், ஒரே முயற்சியில் புண்ணும் தவிர்க்கப்படும், தொழுகையும் நிறைவேறும்.

நோன்பும் ஹஜ்ஜும்

குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு நோன்பு கடமையன்று. ஒரு நோன்புக்கு ஷாபிஈ மத்ஹபில் ஒரு முத்துத் தானியமும், ஹனபி மத்ஹபில் அரை ஸாஉக் கோதுமை அல்லது அதன் கிரயமும் பித்யாவாகக் கொடுக்க வேண்டும். நோன்பு பிடிக்க முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோரின் கையைத் தொட்டு, அவர் நிய்யத்தோடு அதைக் கொடுத்தால் அவருக்கும் மனநிறைவு ஏற்படும்.

ஹஜ்ஜைப் பொறுத்தவரை, வாகனத்தில் நிலையாக உட்காரவும் இயலாத முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ்ஜுச் செய்யலாமா என்று கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் ஹஜ்ஜத்துல் விதாவில் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். வசதியுள்ள நோயாளிக்காகப் பதில் ஹஜ்ஜுச் செய்வதற்கு இதுவே ஆதாரம். மகனல்ல, ஒரு மகளே முன்வந்து கேட்டாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இது பல வீடுகளில் மனம் கசக்கும் இடம். 'தாயைக் கண்ணாக வைத்துப் பார்க்கிறான்' என்ற பெயர் மகனுக்கு. இரவு மூன்று மணிக்கு எழுந்து திருப்பிப் போடுபவள் மருமகள். கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதை மனைவி மீது சட்டம் கடமையாக்கவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய உபகாரம். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. கடமை பெற்ற பிள்ளைகளுடையது. மகனும் மகளும், உள்ளூரில் இருப்பவரும் அரபு நாட்டில் இருப்பவரும் அதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர், அந்தப் பணத்தில் ஒரு பணியாளை அமர்த்துவதற்கும் அனுப்ப வேண்டும். வசதியற்ற பெற்றோர் நோயுற்று உதவியாளர் தேவைப்பட்டால், அந்தச் செலவும் பிள்ளைகள் தர வேண்டிய ஜீவனாம்சத்தில் சேரும். விடுப்பில் வரும்போது ஒரு மாதம் முழுப் பொறுப்பையும் ஏற்று, மற்றவர்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

நோயாளியை விட்டு நகர முடியாதவருக்கு ஜமாஅத்துத் தொழுகையும் ஜும்ஆவும் மன்னிக்கப்பட்ட காரணங்களில் அடங்கும். ஜிஹாதுக்குப் புறப்பட வந்த ஒருவரை, பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களிடமே பாடுபடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். உபரியான அமல்களுக்காக ஊர் ஊராகச் சென்று, தாயைக் கவனிக்க ஆளில்லாமல் விடுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பணிவிடை செய்பவரும் மனிதர்தான். தூக்கமின்றி ஆண்டுக் கணக்கில் உழைத்தால் சலிப்பு வரத்தான் செய்யும். சலிப்பு உள்ளத்தில் தோன்றுவதற்குக் குற்றமில்லை. அது நாவில் சொல்லாக வெளிப்படுவதைத்தான் திருமறை தடுக்கிறது. அந்தச் சொல் வராமலிருக்க வேண்டுமானால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சகோதரர்கள் ஒரு தாளில் முறை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வது பெற்றோருக்குச் செய்யும் மரியாதையே.

அரசு தரும் உதவிகளையும் பெறத் தயங்க வேண்டாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ். நோயைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் சென்னையிலும் இயங்குகிறது. மஹல்லா ஜமாஅத்துகளும் ஒரு சக்கர நாற்காலி, ஒரு காற்று மெத்தை, ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வைத்துத் தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுத்து வாங்கலாம். சந்தூக்கு வைத்திருக்கும் பள்ளிவாசலில் இதற்கும் இடம் இருக்கட்டும்.

அன்பர்களே! இன்று உங்கள் வீட்டில் பெற்றோர் ஒருவர் படுக்கையில் இருந்தால், முதலில் அவர் அருகே அமர்ந்து, 'நான் செய்வதில் எது உங்களுக்கு வலிக்கிறது?' என்று கேளுங்கள். பின்பு, 'தொழ விரும்புகிறீர்களா, கட்டிலைத் திருப்பட்டுமா?' என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே உண்மையான பணிவிடை தொடங்குகிறது.

நம் பெற்றோர்களின் நோய்களை அல்லாஹ் இலேசாக்குவானாக! அறிந்து பணிவிடை செய்யும் பாக்கியத்தையும், சலியாத உள்ளத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.